பள்ளி வாசலில் நிற்கப் பழகுதல்: நகரப் பள்ளிகளில் வன்முறையைக் குறைக்க முன்வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி மேலாண்மைக் குழுவில் புதிதாக உறுப்பினரான பெற்றோர், தான் படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று திரும்பி வரும் முன்னாள் மாணவர், பள்ளிக்கு எதிரே கடை வைத்திருப்பவர், குடியிருப்போர் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். சென்னை, மதுரை, திருநெல்வேலி போன்ற நகரங்களின் அரசுப் பள்ளிகளும் மாநகராட்சிப் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும்தான் என் மனத்தில் இருப்பவை. இதில் பெரும்பகுதி தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும்.

சில ஆண்டுகள் ஒரு நகரப் பள்ளியின் குழுவில் இருந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த செய்தி ஒன்று உண்டு. மாணவர்களுக்கு இடையிலான அடிதடி திடீரென்று வெடிப்பது மிக அரிது. எங்கே, எப்போது, யார் யாரை அடிக்கப் போகிறார்கள் என்பது வகுப்பில் பாதிப் பேருக்கு இரண்டு நாள் முன்பே தெரிந்திருக்கும். தெரியாமல் இருப்பவர்கள் பெரியவர்கள் மட்டுமே. 2025 ஏப்ரல் 15 அன்று பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் 8ஆம் வகுப்பு மாணவன் புத்தகப் பையில் அரிவாளை வைத்துக் கொண்டுவந்து வகுப்புத் தோழனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. சில வாரங்களுக்கு முன் ஒரு பென்சிலுக்காக இருவருக்கும் ஏற்பட்ட தகராறே காரணம் என்று காவல்துறை தெரிவித்தது. அந்தச் சில வாரங்கள்தான் நம்மைப் போன்றவர்களுக்கு உரிய காலம். பிள்ளைகளுக்குத் தெரிந்தது பெரியவர்களுக்கும் உரிய நேரத்தில் தெரியவர ஒரு வழி இருக்க வேண்டும். தெரிந்த பிறகு பெரியவர்கள் பதறாமல் நடந்துகொள்ளவும் வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் நோக்கியே செல்கின்றன.

உங்கள் இடம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுதான் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அடிப்படை. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டில் 2024இல் இந்தக் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. குழு மாதம் ஒருமுறை கூடித் தீர்மானம் போடுகிறது. பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிய தீர்மானம் கழிப்பறைக் கட்டடத்தைப் பற்றிய தீர்மானத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததன்று என்பதை முதல் கூட்டத்திலேயே எடுத்துச் சொல்லுங்கள். பல கூட்டங்களில் அந்தப் பொருள் பேச்சுக்கே வருவதில்லை.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு ஆய்வாளரைப் போலப் பள்ளிக்குள் நுழைவதுதான். தலைமை ஆசிரியரைத் தனியாகச் சந்தித்து, “என்ன குறை இருக்கிறது” என்று கேட்காமல், “எந்த நேரத்தில் உங்களுக்கு ஆள் போதவில்லை” என்று கேளுங்கள். 800 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இடைவேளையில் மாடிப்படியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர்கூட மிஞ்சமாட்டார் என்பது பல தலைமை ஆசிரியர்களின் உண்மையான கவலை. அந்தக் கவலையிலிருந்து தொடங்கினால் கதவு திறக்கும். யார் யார், எந்த நாளில், எந்த இடத்தில் இருப்பார்கள் என்பதைக் குழுவின் தீர்மானமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி அனுமதியின் ஆயுள் அடுத்த பணியிட மாறுதல் வரைதான்.

பிள்ளைகளுடன் பழகப்போகும் பெரியவர்களுக்கு என்று சில கட்டுப்பாடுகள் உண்டு, அவற்றில் விலக்குக் கேட்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம். மூடிய அறையில் ஒரு பிள்ளையுடன் தனியாக இருக்கக் கூடாது. மாணவர்களின் அலைபேசி எண்ணை வாங்குவதோ, அவர்களைப் படம் எடுப்பதோ, பரிசு என்று எதையும் தனிப்பட்ட முறையில் கொடுப்பதோ கூடாது. மாணவிகளிடம் பேசும்போது பெண் உறுப்பினர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். தன்னார்வலர்களின் பெயரும் முகவரியும் அடையாள அட்டை நகலும் தலைமை ஆசிரியரிடம் இருக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் வரைபடம் கேளுங்கள்

முதல் மாதத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். 6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை, ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, பள்ளியையும் வீட்டுக்குப் போகும் வழியையும் வரையச் சொல்லுங்கள். பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளியும் நிம்மதியாக இருக்கும் இடத்தில் பச்சைப் புள்ளியும் வைக்கச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்பதை இருமுறை சொல்லுங்கள். ஆசிரியர் வெளியே நிற்பது நல்லது.

நாங்கள் இதைச் செய்த நாளில், 7ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி குடிநீர்க் குழாயைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தாள். தாள் கிழிந்து அடியில் இருந்த பலகையில் மை ஊறியது. கேட்டபோது, “பெரிய வகுப்பு அண்ணனுங்க வரிசையில நிக்க மாட்டாங்க, பாட்டிலைப் பிடுங்கிக் கவுத்துடுவாங்க” என்றாள். அந்தப் பள்ளியில் அப்போது நான்கு குழாய்களில் இரண்டு மட்டுமே வேலை செய்தன. மதிய உணவு முடிந்து மணி அடிக்க இருக்கும் பத்து நிமிடத்தில் ஒரு பள்ளி முழுவதும் இரண்டு குழாய்களுக்கு முன்னால் நின்றது. அங்கே தொடங்கிய தள்ளுமுள்ளுதான் மாலையில் பேருந்து நிறுத்தத்தில் அடியாக முடிந்தது என்பதை நாங்கள் பிறகுதான் கோத்துப் பார்த்தோம். மற்ற இரண்டு குழாய்களையும் பழுதுபார்க்க ஆன செலவு மிகச் சிறியது.

எல்லாத் தாள்களையும் ஒரே நாளில், மேசைமேல் பரப்பி வைத்துப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் ஒரே மாதிரியான இடங்களில்தான் குவிகின்றன: கழிப்பறைக்குப் போகும் சந்து, மாடிப்படி திரும்பும் இடம், சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கும் மூலை, பேருந்து நிறுத்தம், கடைக்குப் பின்புறம். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவு, எரியாத விளக்கு, பழுதான குழாய் ஆகியவை குழுவின் அதிகாரத்துக்குள் இருப்பவை. அவற்றை முதலில் முடியுங்கள். பிள்ளைகள் சொன்னது நடந்தது என்று அவர்கள் கண்ணால் பார்த்தால்தான் அடுத்த முறை இதைவிடக் கனமான செய்தியைச் சொல்லத் துணிவார்கள்.

பள்ளி விடும் அந்த அரை மணி நேரம்

அடி பெரும்பாலும் பள்ளிக்குள் விழுவதில்லை. “வெளியே வா, பார்த்துக்கலாம்” என்பது மதியம் சொல்லப்படும் வாக்கு. நிறைவேறுவது மாலையில், வாசலிலிருந்து 200, 300 மீட்டருக்குள். ஆசிரியரின் பொறுப்பு வாசலோடு முடிந்துவிடுவதாகவும் பெற்றோரின் பொறுப்பு வீட்டு வாசலில்தான் தொடங்குவதாகவும் எல்லோரும் நினைத்துக்கொள்வதால், இடையில் கிடக்கும் தெரு யாருக்கும் சொந்தமில்லாமல் போகிறது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2009 செப்டம்பரில் 16 வயது மாணவர் ஒருவர், பள்ளி விட்டு வீடு திரும்பும் வழியில் இரு கூட்டங்களுக்கு இடையே நடந்த மோதலில் சிக்கி அடித்துக் கொல்லப்பட்டார். அதன் பிறகு அந்நகரப் பள்ளி நிர்வாகம் அந்தந்தப் பகுதி அமைப்புகள் வழியாக உள்ளூர் மக்களையே ஊதியத்துக்கு அமர்த்தி, பளிச்சென்ற நிற மேலங்கியுடன் பள்ளிக்குப் போகும் வழிகளில் காலையும் மாலையும் நிற்க வைத்தது. ஆயுதமோ கைது செய்யும் அதிகாரமோ அவர்களுக்கு இல்லை. பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர்கள், எந்தப் பையன் யாரோடு பேசுவதை நிறுத்திவிட்டான் என்பதைக் கவனிக்கக் கூடியவர்கள் என்பதே அவர்களின் தகுதி. இதைச் செய்ய நமக்குத் திட்டமோ நிதியோ தேவையில்லை. வாரத்துக்கு ஒரு நாள் மாலை அரை மணி நேரம் ஒதுக்கக் கூடிய பத்துப் பேர் போதும்.

இரண்டு பேராக நில்லுங்கள். ஒருவர் வாசலில், மற்றவர் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி அதிகமாக விழுந்த இடத்தில். கையில் கம்பு வேண்டாம், விசில் வேண்டாம், அதட்டல் வேண்டாம். “என்ன தம்பி, இன்னைக்கு தனியாப் போற?” என்ற ஒரு கேள்வி போதும். ஒரே இடத்தில் காரணமின்றி ஏழெட்டுப் பேர் கூடி, யாரோ வருவதற்காகக் காத்திருப்பது போல் தெரிந்தால், நடுவில் போய் நின்று பேச்சுக் கொடுங்கள். பார்க்க ஒரு பெரியவர் இருக்கிறார் என்பதே பல சண்டைகளைக் கலைத்துவிடும். பள்ளிச் சீருடை இல்லாத, வயதில் மூத்த இளைஞர்கள் வண்டியில் வந்து நின்றால் அது வேறு கதை: அவர்களிடம் நீங்கள் பேசப் போக வேண்டாம், தலைமை ஆசிரியருக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே தகவல் கொடுங்கள், பிள்ளைகளை உள்ளே நிறுத்திவையுங்கள்.

பூக்கடை அக்கா, ஜெராக்ஸ் கடைக்காரர், ஆட்டோ நிறுத்தத்து ஓட்டுநர்கள் ஆகியோர் உங்களைவிட அதிகம் பார்க்கிறவர்கள். அவர்களைக் குழுக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டியதில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்து, எதைப் பார்த்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்து சேரும் வழி

பிள்ளைகள் சொல்லாததற்குக் காரணம் பயம் மட்டுமே அன்று. “போட்டுக் கொடுத்தவன்” என்ற பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால், 12ஆம் வகுப்பு வரை அது கூடவே வரும். எனவே சொன்னவர் யார் என்பது எக்காரணம் கொண்டும் வெளியே தெரியக் கூடாது. அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்டிருக்கும் ‘மாணவர் மனசு’ பெட்டி நல்ல ஏற்பாடு. ஆனால் தலைமை ஆசிரியர் அறைக்கு எதிரே, எல்லோரும் பார்க்கும் இடத்தில் தொங்கும் பெட்டியில் எந்தப் பிள்ளை தாள் போடும்? அதை நூலகத்துக்கோ மாடிப்படிக்கு அருகிலோ மாற்றச் சொல்லிக் கேளுங்கள். குறித்த நாளில், குழு உறுப்பினர் ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து திறக்க வேண்டும். வந்த தாளை வகுப்பில் படித்துக் காட்டி “இதை எழுதியது யார்” என்று கேட்பது, பெட்டியை உடைத்துத் தூக்கி எறிவதற்குச் சமம்.

பெட்டியைவிட வலிமையானது நம்பிக்கைக்குரிய ஓர் ஆள். அது பெரும்பாலும் ஆசிரியராக இருப்பதில்லை. சத்துணவு அமைப்பாளர், உடற்கல்வி ஆசிரியர், வாசலில் இருக்கும் காவலர், தூய்மைப் பணி செய்யும் அம்மா என்று யாரிடம் பிள்ளைகள் போய் நிற்கிறார்கள் என்று கவனித்து, அவரைக் குழுவின் வேலையில் மரியாதையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் கேட்கும் முறை மாற வேண்டும். “யாராவது அடிச்சாங்களா” என்று கேட்டால் “இல்ல” என்ற ஒரு சொல்தான் வரும். “இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்ட?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாரம் தொடர்ந்து பதில் இல்லையென்றால் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. காலையில் வயிற்றுவலி என்று சொல்வது, வழக்கமான வழியை விட்டுச் சுற்றிப் போவது, பென்சில் பெட்டியும் பேனாவும் அடிக்கடி தொலைவது, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுவது ஆகியவையும் அப்படித்தான்.

சொன்ன அன்றிரவு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன். 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த 12ஆம் வகுப்பு மாணவர் ஒருவரை உடன் படித்த மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த மாணவர் தொல்லை தாங்காமல் சில நாள் பள்ளிக்கே போகாமல் இருந்து, பிறகு நடந்ததைப் பள்ளியில் சொல்லியிருந்தார். புகார் கொடுக்கப்பட்டது தெரிந்த பின்னரே தாக்குதல் நடந்தது. நாங்குநேரி மாநகரம் அன்று, சிற்றூர். ஆனால் அதன் பாடம் எல்லா ஊருக்கும் உரியது. புகார் சொன்ன பிறகு வரும் சில மணி நேரமே ஒரு பிள்ளைக்கு மிக ஆபத்தான நேரம்.

ஆகவே பெயர் குறிப்பிட்டு ஒரு பிள்ளை சொன்னால், எதிர்த் தரப்பு மாணவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன்பு, சொன்ன பிள்ளையின் பாதுகாப்பை முடிவு செய்யுங்கள். அன்று மாலை அவனை வீட்டுக்கு அழைத்துப் போவது யார், வீட்டில் பெரியவர்கள் இருப்பார்களா, அந்தத் தெருவில் உதவிக்கு யார், அடுத்த நாள் காலை எந்த வழியாக வருவான் என்பதற்கு விடை கிடைத்த பிறகே விசாரணை. குற்றம் சாட்டப்பட்ட மாணவர்களின் பெற்றோரிடம் தனித்தனியாகப் பேசி, இன்றிரவு பிள்ளை வீட்டைவிட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும்படி கேளுங்கள். வெட்டுவேன், கொல்லுவேன் என்ற மிரட்டலோ, ஆயுதத்தைப் பற்றிய பேச்சோ, சாதியைச் சொல்லித் தாக்கிய செய்தியோ இருந்தால் அன்றே காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்ற சொல்லை அந்த ஒரு நாள் மட்டும் மறந்துவிடுங்கள்.

கைகலப்பு நடந்துவிட்டால்

முதலில் சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலையுங்கள். பார்க்க ஆள் இருக்கும் வரை அடிப்பவனால் பின்வாங்க முடியாது. அவனுடைய ‘கெத்து’ அந்தக் கூட்டத்தின் கையில் இருக்கிறது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான ‘கிவா’ என்ற பள்ளித் திட்டம், அடிப்பவனையும் அடிபடுபவனையும் மட்டும் பார்க்காமல், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை மாற்றுவதற்கு முதன்மை கொடுத்தது இதனால்தான். பெயர் தெரிந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை கொடுங்கள்: நீ தண்ணீர் கொண்டு வா, நீ சாரைக் கூப்பிடு, நீ இந்தப் பையை எடுத்துக்கொள். யாராவது படம் பிடித்துக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். சட்டத்துடன் முரண்பட்ட, அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறாரின் அடையாளத்தையும் பாதிக்கப்பட்ட சிறாரின் அடையாளத்தையும் வெளியிடுவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டது. பெரியவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள்தான் இதில் அதிகம் தவறு செய்கின்றன.

விலக்கும்போது ஒருவனை மட்டும் பிடித்து நிறுத்தினால் மற்றவன் அடிக்க வசதியாகிவிடும். இரண்டு பேர் சேர்ந்துதான் விலக்க வேண்டும். தலையில் அடி என்றால், பிள்ளை “ஒண்ணுமில்ல” என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். இருவரையும் வேறு வேறு இடத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். அந்த நேரத்தில் அறிவுரை எதுவும் காதில் ஏறாது.

உட்கார்ந்து பேசுதல்

பெரும்பாலான பள்ளிகளில் சமரசம் என்பது ஐந்து நிமிடத்தில் முடிகிறது: “ரெண்டு பேரும் கை குடுங்க, இனிமே சண்டை போடக் கூடாது.” சம பலம் உள்ள இருவர் கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று அடித்துக்கொண்டதற்கு இது போதும். ஒருவன் மற்றவனை மாதக்கணக்கில் துன்புறுத்தி வந்திருந்தால், அதே கை குலுக்கல் துன்பப்பட்டவனுக்கு இரண்டாவது அவமானம். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமானது.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 8ஆம் வகுப்புப் பையன் ஒருவன் ஸ்டீல் ஸ்கேலால் இன்னொருவனின் நெற்றியில் அடித்துவிட்டான், நான்கு தையல். பள்ளியில் எல்லோரும் அந்த ஸ்கேலைப் பற்றியே பேசினார்கள். அடித்தவனின் அம்மா மீன் விற்பவர். அவன் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் பின் வரிசையில் மூன்று பேர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். வேறு ஒன்றும் செய்யமாட்டார்கள், ஒரு சொல்லும் பேசமாட்டார்கள். ஜூலையில் தொடங்கியது நவம்பர் வரை நடந்திருக்கிறது. நான்கு மாதமாக ஒவ்வொரு காலையிலும் நடந்த அது ஒரு பெரியவர் கண்ணிலும் படவில்லை. ஒரு நொடி ஸ்கேல் மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டது. இதை அவன் எங்களிடம் சொல்லவே இல்லை. நான்காவது நாள், அவன் பக்கத்தில் உட்காரும் பையன் சொன்னான்.

அதன் பிறகு நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது. முதலில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, இடைமறிக்காமல் கேட்கிறோம். என்ன நடந்தது, அப்போது உள்ளுக்குள் என்ன நினைத்தாய், இதனால் வேறு யார் யாருக்குப் பாதிப்பு, இது சரியாக என்ன நடக்க வேண்டும் என்ற நான்கு கேள்விகள் போதும். “ஏன் அடிச்ச” என்று கேட்பதில்லை, ஏனென்றால் அதற்கு வரும் விடை எப்போதும் வாதமாகவே இருக்கும். இரு தரப்பும் விரும்பினால் மட்டுமே ஒன்றாக உட்கார வைக்கிறோம். துன்பப்பட்ட பிள்ளை வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிட வேண்டும். பெற்றோர் வற்புறுத்தினாலும் சரி. முடிவில் யார் என்ன செய்வார்கள் என்பதைப் பிள்ளைகளின் சொல்லிலேயே எழுதி, ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் திரும்பக் கேட்கிறோம். அந்த ஸ்கேல் வழக்கில் மூவரும் இடம் மாறி உட்கார ஒப்புக்கொண்டார்கள். தையல் போட்ட செலவை அடித்தவனின் அம்மா தானாகவே கொடுத்தார். நண்பர்கள் ஆகிவிடவில்லை. ஆண்டு முடியும் வரை சண்டையும் இல்லை.

சட்டத்துக்குப் போக வேண்டியவை

உட்கார்ந்து பேசித் தீர்க்கக் கூடாதவையும் உண்டு. பாலியல் தொல்லை என்ற ஐயம் எழுந்தாலே, போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது குற்றம். பள்ளியின் பெயர் கெடும் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம். ஆயுதம், கடும் காயம், சாதி வன்கொடுமை, போதைப் பொருள் விற்பவர்களின் தலையீடு ஆகியவையும் இதில் சேரும்.

அதே வேளையில், எல்லாவற்றுக்கும் காவல் நிலையம் என்று ஓடுவதும் தவறு. கொடுங்குற்றம் எனச் சட்டம் வரையறுத்தவையும் பெரியவர்களோடு சேர்ந்து செய்தவையும் தவிர, சிறார் மீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் இளைஞர் நீதி மாதிரி விதிகள் சொல்கின்றன. காவல் நிலையத்தில் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று முன்பே தெரிந்து வைத்துக்கொண்டு, சீருடை இல்லாமல் வந்து பேசும்படி அவரிடமே கேளுங்கள். பெருநகரச் சென்னைக் காவல்துறை 2022இல் 100 பள்ளிகளில், பள்ளிக்கு 50 மாணவர் வீதம் தொடங்கிய, மாணவர்களைக் காவலர்களோடு பழக வைக்கும் ‘சிற்பி’ திட்டம் போன்றவை அந்தப் பள்ளிகளில் இந்தப் பழக்கத்தை எளிதாக்கியிருக்கின்றன.

“டி.சி. கொடுத்து அனுப்புங்கள்” என்ற கோரிக்கை ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் எழும். 8ஆம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்: டி.சி. வாங்கிய பையன் ஊரைவிட்டுப் போவதில்லை. பகல் முழுவதும் சும்மா இருந்துவிட்டு, மாலை 4 மணிக்கு அதே வாசலுக்கு வந்து நிற்பான், இந்த முறை சீருடை இல்லாமல்.

குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, மனநல ஆலோசனைக்கு 14416. இந்த மூன்று எண்களையும் ஒவ்வொரு வகுப்பறையிலும் பிள்ளைகளின் கண் உயரத்தில் எழுதி வையுங்கள்.

பெரியவர்களின் கை

“கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று பிள்ளையைப் பள்ளியில் ஒப்படைத்த தலைமுறை நாம். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்ற பழமொழியை நம்பித்தான் வளர்ந்தோம். உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவால் தடை செய்யப்பட்டவை என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால், எதிர்ப்பு ஆசிரியர்களிடமிருந்து வருவதைவிடப் பெற்றோர்களிடமிருந்தே அதிகம் வருகிறது. பொறுமையாகப் பேசுங்கள். தப்புச் செய்தவனைப் பலசாலி அடிக்கலாம் என்று பெரியவர்களே நாள்தோறும் செய்து காட்டும் இடத்தில், 9ஆம் வகுப்புப் பையன் 6ஆம் வகுப்புப் பையனை அடிப்பதற்கு அதே நியாயத்தைத்தான் சொல்வான்.

சாதி

நாங்குநேரி நிகழ்வுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூன் 18 அன்று அறிக்கை அளித்தது. கையில் வண்ணக் கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடுப்பதும், வகுப்பில் மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைப்பதும் அதன் பரிந்துரைகளில் அடங்கும். அகர வரிசை என்பது பார்க்கச் சிறியது; தெருவாரியாகச் சேர்ந்து உட்காரும் பழக்கத்தை ஒரே நாளில் கலைத்துவிடக் கூடியது. ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டால் அடுத்த வாரமே தொடங்கலாம்.

கயிற்றை வாசலில் வைத்து அறுப்பதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கயிற்றைக் கட்டிவிட்டது பிள்ளை அன்று, ஊரில் உள்ள ஒரு பெரியவர். பெற்றோரிடம் பேசி, வீட்டிலேயே கழற்றிவிட்டு வரச் செய்வதுதான் நிலைக்கும். முதலில் குழுவைப் பாருங்கள்: உறுப்பினர்களும் மாலையில் வாசலில் நிற்பவர்களும் ஒரே தெரு, ஒரே சாதி என்றால், மற்ற பிள்ளைகள் உங்களிடம் ஒருபோதும் வாய் திறக்கமாட்டார்கள். விளையாட்டு அணிகளைப் பிரிக்கும்போதும் இதைக் கவனியுங்கள். ‘ஏரியா பசங்க’ எல்லாம் ஒரே அணி என்றால் கபடிகூடத் தெருச் சண்டையின் ஒத்திகையாகிவிடும்.

கணக்கு வைத்துக்கொள்ளுதல்

ஒரு நோட்டுப் போடுங்கள். நாள், நேரம், இடம், என்ன நடந்தது, என்ன செய்தோம் என்பவை மட்டும்; பிள்ளைகளின் பெயர் வேண்டாம், சாதி ஒருபோதும் வேண்டாம். மாதக் கூட்டத்தில் அதைப் படித்துப் பார்த்தால் செவ்வாய்க்கிழமை மதியம், உடற்கல்வி வகுப்பு முடிந்த பிறகு, சம்பள நாளுக்கு மறுநாள் என்று ஏதாவது ஓர் ஒழுங்கு கண்ணில் படும். முதல் மூன்று மாதங்களில் எண்ணிக்கை கூடும். அதைப் பார்த்துச் சோர்ந்துபோனவர்கள் பலர். உண்மையில் அது பிள்ளைகள் சொல்லத் தொடங்கிவிட்டதன் அடையாளம். பையைச் சோதிப்பதும் கேமரா பொருத்துவதும் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் இந்த நோட்டு நிரம்பும் வரை அவற்றுக்காகப் பணம் செலவழிப்பதைத் தள்ளிவையுங்கள்.

ஆண்டில் ஒரு நாளை இப்போதே நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: பொதுத்தேர்வின் கடைசி நாள். இனிப் பள்ளிக்கு வரப்போவதில்லை, யாரும் தண்டிக்க முடியாது என்று நினைத்து, ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்த கணக்கைத் தீர்க்கப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் நாள் அது. மை தெளிப்பதில் தொடங்கும். வழக்கமாக இரண்டு பேர் நிற்கும் இடத்தில் அன்று ஆறு பேர் வேண்டும், பேருந்து நிறுத்தத்தில் தனியாக இரண்டு பேர். தேர்வு முடியும் நேரத்துக்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். விரைவாக எழுதி முடித்தவர்கள் அப்போதே வெளியே வந்து காத்திருப்பார்கள்.